வெற்றிலைக்குப் பின் கேட்டவன்

சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயங்களில், யாருக்காவது அபாரமான ஞாபகசக்தி இருந்தால், "அவன் வெத்தலைக்குப் பொறவும் கேட்ட ஆளுல்ல" என்று சொல்வார்கள். புதிதாக மலையேறி வந்தவர்கள் முழிப்பார்கள். ஞாபகத்துக்கு வல்லாரை தின்னச் சொல்லும் வைத்தியரைக் கண்டிருக்கிறோம். வெற்றிலைக்கும் ஞாபகத்துக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? கேட்டால் சொன்னவருக்கே பாதி நேரம் தெரியாது. ஊர்ப் பேச்சுகள் அப்படித்தான். பெற்றவளின் பெயர் மறந்துபோகும், பிள்ளை மட்டும் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பேச்சைப் பெற்றவள் குருவம்மாள் என்ற கொழுந்து கிள்ளும் பெண். பெறக் காரணமாக இருந்தவன் சங்கையா. எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், குருவம்மாளின் வாசலில் அது பிறந்தது. அதைச் சொல்ல முதலில் சங்கையாவைச் சொல்ல வேண்டும்.

சங்கையாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடையாது. ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் மூட்டைக் காவல். சின்னக்கானல், பூப்பாறைப் பக்கத்தில் வாங்கிய காயை வாரம் ஒரு நடை லாரியில் ஏற்றி, நெடுங்கண்டம் வழியாகக் கம்பம்மெட்டு போய், மலை இறங்கிக் கம்பத்தில் சேர்க்க வேண்டும். மேடு ஏறும்போது லாரி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். பின்னால் தொற்றி ஏறி மூட்டையைக் கிழித்துவிட்டுக் குதித்துப் போகிற கெட்டிக்காரர்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள். அதனால் மூட்டைகளின் மேல் பின்பக்கம் பார்த்தபடி ஒருவன் உட்கார்ந்து போவான். அந்த ஒருவன் சங்கையா. வந்த பாதையைப் பார்த்தபடியே முன்னால் போகிற பிழைப்பு.

லயத்துக் குடும்பங்களில் பாதி கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தவை. அம்மா அங்கே, மகள் இங்கே. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. கடிதம் எழுதத் தெரிந்த ஆட்கள் லயத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் எழுதுகிறவன் தன் தமிழில்தான் எழுதுவான். ஒரு பெண் தன் தாயிடம் கோபித்துக்கொள்ள நினைத்தால், அவன் நலம் விசாரித்து ஆரம்பித்து, இறைவன் அருளால் என்று முடித்துவிடுவான். நடுவில் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. சங்கையாவிடம் சொன்னால் சொன்னது சொன்னபடி போகும். குரலோடு போகும். இடையில் மூக்கை உறிஞ்சினால் அந்த உறிஞ்சலும் போகும். கம்பத்துப் பக்கம் ஒரு கிழவி, அவன் சேதி சொல்லி முடித்ததும், "ஏம் புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டாளாம். பிடித்திருந்தது உண்மை.

இதற்கெல்லாம் அவன் கூலி வாங்கியதில்லை. "எவ்வளவு பெரிய தோட்டம், எத்தனை ஆள் இருக்கு. என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குள்ள பேசற பேச்சைக் குடுத்து விடறாகளே, அது போதாதா" என்பான். உண்மையாகவே அவனுக்கு அதில் பெருமையைவிட நன்றிதான் அதிகம். அப்பன் ஆத்தா இல்லாமல், குளிர்காய்ச்சலோடு, பதினாறு பதினேழு வயதில் மலையேறி வந்து லயத்து மூலையில் சுருண்டு கிடந்தவனை, அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த குருவம்மாள் பார்த்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று பாராமல் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். காய்ச்சல் தெளிந்த அன்று அவன், படுத்திருந்த நாட்களில் அந்த வீட்டில் யார் யார் வந்து என்னென்ன பேசினார்கள் என்பதையெல்லாம் அப்படியே ஒப்பித்தானாம். குருவம்மாளின் புருஷன் காளிச்சாமி மிரண்டுபோய், "ஏய், இவன் முன்னால இனிமே சம்பளத்தப் பத்திப் பேசாத" என்றார். காளிச்சாமி பயந்த சுபாவம். நல்ல மனுஷர்.

சங்கையாவுக்குக் கல்யாணம் கூடி வராததற்கும் இதே ஞாபகம்தான் காரணம் என்று லயத்தில் கேலி செய்வார்கள். சண்டை வந்தால் பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்னதை எடுத்து முன்னே போடுகிறவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள்? அவனும் சிரித்துக்கொள்வான்.

எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், அவன் மறைக்க மாட்டான். மலைப்பாதையில் வளைவுகள் இருக்கின்றன அல்லவா, மூட்டை மேல் உட்கார்ந்து போகும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு வீட்டுச் சேதியை இறக்கி வைத்துவிடுவான். இந்த முக்கில் முதல் லயத்துக் கிழவர், அந்தப் பாறைக்குக் கீழே கடைசி வீட்டுப் பெண். கம்பத்தில் போய்க் கண்ணை மூடினால் பாதை தெரியும், பாதையில் அவரவர் நின்று பேசுவார்கள். பதில் சேதியை ஏறும்போது அதே இடத்தில் வைப்பான். "அவுக நின்ன எடத்துலயே நிக்காக. நான் போயிக் கேட்டுச் சொல்றேன். இதுல எனக்கென்ன கெட்டிக்காரத்தனம்" என்பான்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா, ஆளுக்கு ஒரு பேர் வைத்தது. லயத்தில் 'வாய்த்தபால்' என்றார்கள். லாரி ஓட்டும் குரியாச்சன் மலையாளத்தில் 'ஓர்மக்காரன்' என்றார். நினைவுக்காரன் என்று அர்த்தம். கடன் சொன்னவன் பேர் முதற்கொண்டு இவனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது குரியாச்சனின் சந்தோஷம்.

பெரிய பேர் வைத்தது ஜானகியம்மாள். எஸ்டேட் ஆபீஸ் தலைமைக் கிளார்க்கின் மனைவி, பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் கம்பத்திலிருந்து வாங்கிவர வேண்டிய சாமான்களை, அடுப்பில் எண்ணெய் காய்கிற அவசரத்தில், ஜன்னலுக்குள் இருந்தபடியே மூச்சு விடாமல் சொன்னார். கத்தரிக்காய் பிஞ்சாக, முருங்கைக்காய் முற்றாமல், நாட்டுச் சர்க்கரை கறுப்பில்லாமல், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். எல்லாம் வால் குறையாமல் வந்து சேர்ந்தது. ஜானகியம்மாள் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வாயில் விரலை வைத்தார்.

"சங்கையா, நீ ஏகசந்தக்கிராகின்னா!"

அவன் பயந்துபோனான். "தப்பா ஏதும் வாங்கிட்டனாம்மா?"

"தப்பில்லை, பெருமை. எங்க கல்பாத்தியிலே வேதபாடசாலைக் குழந்தைகளுக்கு வாத்தியார் ஒரு வரி சொல்லுவார், அதுகள் திருப்பித் திருப்பிச் சொல்லும். அதுக்குச் சந்தைன்னு பேரு. நூறு சந்தை சொன்னாலும் ஏறாத மண்டைகள் உண்டு. ஒரே சந்தையிலே கிரகிச்சுக்கறவனுக்குத்தான் ஏகசந்தக்கிராகின்னு பேரு. பெரிய பெரிய பண்டிதாளுக்குக் கொடுக்கற பேராக்கும்."

இது லயத்துக்குப் போனபோது, கம்பம் சந்தைக்கு ஒரே நடையில் போய் எல்லாம் வாங்கி வந்ததற்கு அய்யர் வீட்டம்மா கொடுத்த பட்டம் என்று ஆகிவிட்டது. அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது, யாரும் திருத்தப் போகவில்லை.

இனி வெற்றிலைக்கு வருவோம். கூலி வாங்காதவனிடம் வெறுங்கையோடு வேலை வாங்க லயத்துக்கு மனம் வராது. சேதி சொல்லி முடித்ததும் ரெண்டு வெற்றிலையும் பாக்கும் அவன் கையில் வைப்பார்கள். போகப் போக அதுவே சட்டமாயிற்று. வெற்றிலை கைக்கு வந்தால் சேதி முடிந்தது. அதற்கு முன்னால் சொன்னது போகும், பின்னால் சொன்னது போகாது. கீழே பதில் சேதிக்கும் இதே முறை.

இந்தச் சட்டத்தைச் சங்கையா சும்மா போட்டுக்கொள்ளவில்லை, பட்டுத்தான் போட்டுக்கொண்டான். ஆரம்ப காலத்தில் ஒருவன், பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்த மனைவிக்கு, "ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லி வெற்றிலை கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம் சிரித்துக்கொண்டே, "பொட்டப்புள்ளயாப் பொறந்தா அங்கயே கெடக்கட்டும்" என்றான். கூட்டாளியிடம் அடித்த வெட்டிப் பேச்சு. சங்கையா அதையும் சேர்த்து, அந்தச் சிரிப்போடு, மாமியார் வீட்டில் ஒப்பித்தான். பிறந்தது பெண். அவர்கள் மகளை ரெண்டு வருஷம் மலைக்கு அனுப்பவில்லை. அந்தப் புருஷன் சங்கையாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "வெத்தல குடுத்த பொறவு சொன்னதையுமாடா கொண்டு போவ?"

அன்றிலிருந்து வெற்றிலைக்குப் பின்னால் யார் என்ன சொன்னாலும் அது அவன் காதில் விழாத மாதிரி. விழுந்துவிடும், அது வேறு விஷயம். வாய்க்கு வராது.

இந்தக் கட்டுப்பாட்டில் ஊர் நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு வீட்டைத் தவிர. அது குருவம்மாள் வீடு.

இடுக்கி ஜில்லா பிறப்பதற்கு ரெண்டு வருஷம் முன்னால், எழுபதாம் வருஷத்து ஆடி மழையில், சுருளிப்பட்டியில் இருந்த குருவம்மாளின் அம்மா செத்துப்போனாள். அண்ணன் வீரபாண்டி மலைக்கு ஆள் அனுப்பினார். அனுப்பிய ஆள் பாதி வழியில் நின்றான். நெடுங்கண்டத்துக்கு மேலே மண் சரிந்து ரோடு அறுந்துபோயிருந்தது. அவன் காட்டுவழி நடந்து லயத்துக்கு வந்து சேர்ந்து, குருவம்மாள் விழுந்தடித்து இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது, அம்மா சாம்பலாகி இருந்தாள். குருவம்மாள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாள். பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத பெண்ணின் ஆங்காரம் லேசுப்பட்டதா?

கருமாதிக்கு வரச் சொல்லி வீரபாண்டி சங்கையாவிடம் சேதி அனுப்பினார். குருவம்மாள் பதில் கொடுத்தாள். "ஆத்தா மொகத்த எனக்குக் காட்டாதவன் மொகம் எனக்கு வேணாம். என் வாசல்ல அவன் காலடி படக்கூடாது. நான் செத்தாலும் வரக்கூடாது." சொல்லிவிட்டு வெற்றிலையை வைத்தாள். சங்கையா எடுத்துக்கொண்டு போனான். சுருளிப்பட்டி வாசலில் நின்று, அதே குரலில், அந்தக் 'கூடாது'களில் அவள் பல்லைக் கடித்த அழுத்தம்கூடக் குறையாமல் சொன்னான். வீரபாண்டி கேட்டுக்கொண்டு நின்றார். பதில் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்று வெற்றிலையைக் கொடுத்தார்.

கொடுத்த பிறகு, தூணைப் பார்த்துக்கொண்டு, யாருக்கென்றும் இல்லாமல் சில வார்த்தைகள் சொன்னார்.

சங்கையா 'ஒண்ணுமில்ல'யை மட்டும் மலைக்குக் கொண்டுவந்தான்.

ஏழு வருஷம் போயிற்று. மற்ற சேதிகளுக்கெல்லாம் ஒவ்வொரு வளைவு இருந்தது. வெற்றிலைக்குப் பின் வந்த அந்த வார்த்தைக்கு அவன் இடம் கொடுக்கவில்லை. இடம் கொடுக்காததாலேயே அது எல்லா வளைவிலும் வந்து நின்றது. சுருளிப்பட்டிக்கு வேறு யார் வீட்டுச் சேதியோடு போனாலும், வீரபாண்டி எங்கேயாவது நின்று அவனைப் பார்ப்பார். எனக்கு ஏதும் இருக்கா என்று வாயால் கேட்க மாட்டார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். மலைக்கு வந்தால் குருவம்மாள் அதே கையால் காப்பித்தண்ணி கொடுப்பாள். தன்னைப் பிழைக்க வைத்த கை.  சொல்லிவிடலாமா என்று நினைப்பான். உடனே சட்டையைப் பிடித்து உலுக்கியவனின் முகம் வரும். வாயை மூடிக்கொள்வான்.

ஒருதரம் ஜானகியம்மாளிடம் சுற்றி வளைத்துக் கேட்டான்.

"அம்மா, ஒரே தடவையில புடிச்சுக்கிறவனுக்கு ஏகசந்தக்கிராகின்னு பேரு சொன்னீக. புடிச்சுக்கிட்டு, சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லாமலே வெச்சிருக்கிறவனுக்கு என்னம்மா பேரு?"

ஜானகியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சிரித்தார். "அதுக்கு சாஸ்திரத்திலே பேரிருக்கறதாத் தெரியலை. எங்காத்திலே அவனைக் கஞ்சன்னு சொல்லுவோம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். சங்கையா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குருவம்மாளின் மகள் வேலுத்தாய்க்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பள்ளிவாசல் என்கிற ஊரில் பவர் ஹவுஸில் தினக்கூலி. நல்ல பையன். வேலுத்தாய்க்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் பேரை யாராவது எடுத்தால் கொழுந்துக் கூடையைத் தலைகீழாக மாட்டிக்கொள்வாள், அவ்வளவுதான். எல்லாம் பேசி முடிந்து ஆவணியில் நாள் குறிக்கிற நேரம், மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காருல்ல? அவருதான கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாரணும்?"

காளிச்சாமி கூரையைப் பார்த்தார். குருவம்மாள், "அவரு வர மாட்டாரு" என்றாள்.

அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "மாமன் செத்துப் போயிருந்தாப் பரவாயில்ல, அதுக்கு வேற மொறை இருக்கு. உசிரோட இருக்கிற மாமன் வர மாட்டாருன்னா, அந்த வீட்டுல என்னமோ இருக்குன்னுதான ஊரு பேசும்? அவரு வந்து பொண்ணு கையப் புடிக்கட்டும், எம் மகன் தாலி கட்டுவான். இல்லாட்டி நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

கெட்டவள் இல்லை அந்த அம்மா. முறையென்றால் முறைதான் என்று வளர்ந்தவள். வேலுத்தாய் அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. ராத்திரிச் சோற்றை யாரும் தொடவில்லை என்று காளிச்சாமி மறுநாள் சங்கையாவிடம் சொன்னபோது, அந்த மனுஷருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குருவம்மாள் சங்கையாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் போனபோது வாசலில் பலகை போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மடியில் வெற்றிலை தயாராக இருந்தது.

"சுருளிப்பட்டிக்குச் சேதி. சொல்லு. ஆவணியில வேலுத்தாய்க்குக் கல்யாணம். மாமன் மொறைக்கு ஆளு வேணும். வரணும். வந்து மொறையச் செஞ்சிட்டு, கை நனைக்கணும்னா நனைச்சிட்டுப் போயிரலாம். எங்கிட்டப் பேசணும்னு இல்ல. அம்புட்டுத்தான்."

வெற்றிலையை நீட்டினாள்.

சங்கையா கையை நீட்டவில்லை. இந்தச் சேதியை, இந்தக் குரலோடு, அந்த வாசலில் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வீரபாண்டி கேட்டுக்கொண்டு நிற்பார், "ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்பார். வேலுத்தாய் கல்யாணம் அதோடு முடிந்தது. குரலைக் கொஞ்சம் குழைத்து, ரெண்டு வார்த்தையை நல்லதாக மாற்றிச் சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒரு சொல்லை மாற்றியவன் கையில் நாளைக்கு எந்தச் சொல்லை யார் நம்பிக் கொடுப்பார்கள்? மாற்றவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்த வழியை ஏழு வருஷமாக அவனே அடைத்து வைத்திருந்தான்.

"அக்கா, வெத்தலையக் கீழ வையி" என்றான். "ஒனக்கு ஒரு சேதி கெடக்கு. பழசு."

"எனக்கா? யாருட்டருந்து?"

"ஒங்க அண்ணங்கிட்டருந்து. வெத்தல குடுத்த பொறவு சொன்னது. சொல்லக்கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

குருவம்மாள் எதுவும் சொல்வதற்குள் அவன் சொல்ல ஆரம்பித்தான். வாய் சங்கையாவின் வாய். வந்தது வீரபாண்டியின் குரல், கரகரத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று நின்று வருகிற குரல். ஏழு வருஷமாக அவள் வாசலில் கேட்காத குரல்.

"பாடை மாத்துற எடத்துல, வாய்க்கா மேட்டுல, ஆத்தாள எறக்கி வெச்சேன். அங்கன நின்னா கம்பம்மெட்டு ரோடு தெரியும். ஆத்தா மொகத்த மெட்டுப் பக்கமாத் திருப்பி வெச்சேன். பொழுது போகுது, தூக்குடான்னு பெரியவுக எல்லாம் வஞ்சாக. இன்னும் ஒரு பஸ்ஸு, இன்னும் ஒரு பஸ்ஸுன்னு நின்னேன். எறங்குன பஸ்ஸெல்லாம் வந்துச்சு. குருவு வரல. மேல ரோடு அத்துப்போனது எனக்கு எப்படித் தெரியும்? இருட்டுற வரைக்கும் ஆத்தாளும் நானும் ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

முடித்துவிட்டுச் சங்கையா தலையைக் குனிந்துகொண்டான்.

குருவம்மாள் முதலில் அழவில்லை. எழுந்து வந்து அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அடப்பாவி! ஏழு வருசமாடா? இத நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு எம் வீட்டுக் காப்பித்தண்ணியக் குடிச்சியாடா? ஒனக்குக் கஞ்சி ஊத்துனனே, அந்த வாயாலயாடா சொல்லாம இருந்த?"

இன்னொன்று வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். மூன்றாவது அடிக்கு ஓங்கின கை நின்றுவிட்டது, அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அழுகை வந்தது. அம்மா செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. உள்ளே இருந்து ஓடிவந்த காளிச்சாமி, "யாரு? யாரு செத்தா?" என்று பதறினார்.  ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வந்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் தானே குடித்தார்.

வெகுநேரம் கழித்துக் குருவம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சங்கையாவைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் சொன்னது ஒரு வார்த்தை கொறையாம இருக்கேடா ஒங்கிட்ட."

"இருக்குக்கா."

"எல்லாரும் வெத்தலைக்கு முந்தி சொல்றதத்தான் கேப்பாக. நீ வெத்தலைக்குப் பொறவும் கேட்டிருக்க. நீ அத மறந்து தொலைச்சிருந்தா, எங்கண்ணனக் கெட்டவன்னு நெனச்சுக்கிட்டே நான் செத்திருப்பேன்." அவன் தோளில் தான் அடித்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள். "நீ நல்லாருப்ப, சாமி. ஒனக்கு ஊத்துன கஞ்சி வீண் போகல."

நிலைப்படிக்கு உள்ளே வேலுத்தாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கொழுந்துக் காட்டில் அவள் தன் கூட்டாளிகளிடம் சொல்ல, சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு லயம் முழுக்கப் பரவியது. அன்று பிறந்ததுதான் இன்றைக்கும் அங்கே வழங்குகிறது. வாய்த்தபால் என்ற பேரும் ஓர்மக்காரன் என்ற பேரும் சங்கையாவோடு நின்றுவிட்டன, ஏகசந்தக்கிராகி ஜானகியம்மாளின் சமையலறையோடு நின்றது. கொடுத்ததை வைத்திருப்பவன் எங்கும் உண்டு. கொடுக்காததையும் காப்பாற்றி வைத்திருப்பவனுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது போலும். குருவம்மாள் கொடுத்துவிட்டாள்.

"சரிக்கா, இப்ப அண்ணனுக்கு என்ன சேதி கொண்டு போக?" என்று சங்கையா கேட்டான்.

"நீ ஒண்ணையும் கொண்டு போக வேணாம். நானே வாரேன்."

அடுத்த நடையில் குருவம்மாள் லாரியில் ஏறினாள். குரியாச்சன் தன் துண்டால் முன்சீட்டைத் தட்டித் துடைத்து, "சேச்சி, இவிடெ இரிக்கு" என்று பெரிய மரியாதை செய்தார். சங்கையா வழக்கம்போல மூட்டை மேல். கம்பம்மெட்டு தாண்டி மலை இறங்கும்போது, முன்னால் உட்கார்ந்து அவள் பாதையைப் பார்த்துக்கொண்டு வருவதும், பின்னால் உட்கார்ந்து தான் அதே பாதையைப் பார்த்துக்கொண்டு போவதும் அவனுக்கு விசித்திரமாக இருந்தது. மற்ற வீட்டுச் சேதிகள் அதனதன் வளைவில் நின்றன. அந்தப் பழைய வார்த்தை ஒரு வளைவிலும் வந்து நிற்கவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது. குலசாமிக்கு மூட்டை மேல் இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டான்.

சுருளிப்பட்டியில் வீரபாண்டி வயலில் இருந்தார், வரப்புக்கு மண் வெட்டிப் போட்டுக்கொண்டு. சங்கையா முன்னால் போனான். அவனைப் பார்த்ததும் அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். தலை நரைத்திருந்தது.

"என்னப்பா, வயலுக்கே வந்துட்ட? யாருக்குச் சேதி?"

"ஒங்களுக்குத்தாண்ணே."

வீரபாண்டியின் முகம் இறுகியது. அடிபடத் தயாராகிற மனுஷன் மாதிரி மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்லி விட்டா?"

"ஒண்ணும் சொல்லி விடலண்ணே."

"பொறவு?"

சங்கையா வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் நின்றான். அவனுக்குப் பின்னால் வரப்பின் மேல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குருவம்மாள் நின்றாள்.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.  குருவம்மாள்தான் பேசினாள். கல்யாணத்தைச் சொல்லவில்லை, முறையைச் சொல்லவில்லை.

"அண்ணே," என்றாள், "எந்த எடத்துலண்ணே எறக்கி வெச்ச?"

வீரபாண்டி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்கால் மேட்டைப் பார்த்து நடந்தார். அவள் பின்னால் போனாள். மேட்டின் மேல் நின்று அவர் மலையைக் கைகாட்டுவது தெரிந்தது. மெட்டு ரோட்டில் ஏதோ ஒரு பஸ் எறும்பு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வீரபாண்டி மருமகள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். பள்ளிவாசல் சம்பந்தியம்மா முகமெல்லாம் சிரிப்பு. மாமன் கொண்டுவந்த சீர்த் தட்டை வாங்கும்போது குருவம்மாள் ஊரறிய அண்ணன் காலில் விழுந்தாள்.

லயத்துப் பெண்களுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அன்றைக்கு வாய்க்கால் மேட்டில் அண்ணனும் தங்கையும் என்ன பேசிக்கொண்டார்கள்? குருவம்மாளிடம் கேட்டால் கண் கலங்கிவிடும், கேட்க முடியாது. அதனால் சங்கையாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொல் விழுந்தால் விடாதவன், பக்கத்தில் நின்றவன், அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? வெற்றிலையைக் காட்டி ஆசை காட்டினார்கள், வருஷக்கணக்காகக் கேட்டார்கள். அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"சத்தியமாத் தெரியாது தாயி. அவுக மேட்டுல ஏறுனதும் நான் எதிர்ப்பக்கமா ஓடிப்போயி மடை வாயில நின்னுக்கிட்டேன். அங்கன தண்ணி எரைச்சல் பாரு, பக்கத்துல பேசுனாலும் காதுல விழாது. அவுக பேசி முடிக்கிற வரைக்கும் அங்கதான் நின்னேன்."

"ஏன் ஓடுன? நின்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா எனக்கு மறக்காதே தாயி. ஏழு வருசம் கழிச்சு அண்ணனும் தங்கச்சியும் பேசுற பேச்சு. அது அவுக ரெண்டு பேருகிட்ட மட்டும் இருந்தாப் போதும்."